நான் வாய்க்காலில் எறிந்த மாத்திரைகள்

என் மகன் சுருளி பர்மாச் சண்டையிலிருந்து திரும்பி, தேனியில் மதுரை பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான் முதலில் பார்த்தது அவன் நிறத்தை. முகம், கழுத்து, உள்ளங்கை எல்லாம் மஞ்சள். வயது இருபத்து மூன்று.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். போடி மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்து, அல்லிநகரத்தில் சொந்தக் கிடங்கு கட்டியவன். காயை உடைக்காமல், நிறத்தை வைத்தே எத்தனை மாதச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். இந்தப் பக்கத்தில் என்னை ஏமாற்றிய வியாபாரி கிடையாது. அதனால் அவன் நோயையும் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். காமாலை.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம். உப்பை நிறுத்தினோம். மஞ்சள் இறங்கவில்லை.

பிறகுதான் கவனித்தேன். தினமும் காலையில் பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்து விழுங்குவான். உடனே விறைப்பாக நின்று வாயைத் திறந்து காட்டுவான். எதிரே ஆள் இருக்காது.

"யாருக்குடா காட்டுற?"

"விழுங்கிட்டேன்னு காட்டணும்ப்பா. துப்புனா தண்டனை."

"என்ன மருந்து அது?"

"காய்ச்சலுக்குன்னு சொன்னாக. எல்லாருக்கும் குடுத்தாக."

நல்ல மருந்தென்றால் வாயைத் திறக்கச் சொல்லி ஏன் சோதிக்க வேண்டும்? எனக்குச் சந்தேகம் தட்டியது. சுவரில் முதுகு ஒட்டினால்தான் உட்காருவான். கிடங்கில் ஒரு பலகை விழுந்தால் மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடப்பான். எல்லாம் அந்த மாத்திரையின் வேலை என்று முடிவு கட்டினேன். அவன் குளிக்கப் போனபோது டப்பாவோடு வாய்க்காலில் எறிந்தேன்.

தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான். தெரியாது என்றேன். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. காமாலையை நானே விரட்டிவிட்டேன் என்று கடைவீதி முழுக்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் நடுக்கம் வந்தது. ஐந்து சாக்குப் போர்த்தியும் கட்டில் ஆடியது. கொதித்து, வியர்த்து, அடங்கியது. ஒரு நாள் விட்டு மறுபடியும் வந்தது. காய்ச்சல் வேகத்தில், ஆற்றைத் தாண்டச் சொல்லி யாரையோ கெஞ்சினான். நான் கிட்டே போனால் சுவர்ப்பக்கம் சுருண்டான்.

பெரியகுளத்து டாக்டர் அவன் இமையை விலக்கிப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையால்ல இருக்கு. காமாலைன்னு யாரு சொன்னாக?"

"நாந்தான்."

"ஏலக்காய்க்குக் கண்ணு கிடையாதுல்ல பெரியவரே, அதான்."

இது மலேரியா (கொசுக்கடியால் வரும் முறைக்காய்ச்சல்) என்றார். மாத்திரை தோலை மஞ்சளாக்கும். ஆனால் காய்ச்சலை உள்ளேயே அடக்கி வைத்திருந்தது அதுதானாம். பலகைச் சத்தத்துக்குப் படுப்பது சண்டை அதிர்ச்சி (ஓய்வே இல்லாமல் மனசு காவல் நிற்பது). அதற்குத் தன்னிடம் மருந்து இல்லை என்றார்.

"மாத்திரைய யாரு நிப்பாட்டுனது?"

சுருளியின் முன்னாலேயே ஒத்துக்கொண்டேன்.

"அன்னைக்கே தெரியும்ப்பா," என்றான், கண்ணைத் திறக்காமல்.

உங்கள் வீட்டுக்கும் பட்டாளத்திலிருந்து பிள்ளை வந்திருந்தால், கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அவன் பையில் இருப்பதைக் கேட்காமல் தொடாதீர்கள். எல்லாம் தெரிந்தவன் நான். எனக்கே இது தெரியவில்லை.

டாக்டர் கொடுத்த கொய்னா மருந்தில் உயிர் தப்பினான். ஆனாலும் காய்ச்சல் சொல்லாமல் திரும்பி வருகிறது. அவன் மலை ஏற, வண்டி பூட்ட, எதற்கும் நான் நாள் குறிப்பதில்லை. இன்று நடுக்கம் இல்லை என்றால் அது ஒரு நாள், அவ்வளவுதான்.

என் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். அவன் ஆத்தாதான் மருந்து கொடுக்கிறாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அவன் விழுங்கும் சத்தம் கேட்கும். அப்போது என் தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்குகிறது.