சொல்ல முடியாத விண்ணப்பம்

ஜோயல், ஷீபா, இதை நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஷீபா வயிற்றில் இருந்தபோது கர்த்தர் நமக்குச் செய்ததை சபையில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். முழுசாகச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஐ.பி.எஸ். என்கிற குடல் தொந்தரவு இருப்பது உங்களுக்குத் தெரியும். வயிறு முறுக்கும், உப்பும், சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்கு ஓட வேண்டும். ஆனால் எந்த டெஸ்ட் எடுத்தாலும் ஒன்றும் இல்லை என்றே வரும். அதனால் சொந்தக்காரர்கள் அதை ஒரு வியாதியாகவே நினைக்கவில்லை. ஷீபா உண்டானதும், பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து அம்மா தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டாள். தொந்தரவு ஜாஸ்தியாகிவிட்டது.

அப்போது எங்கள் இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. நான் பேக்கிங்கில், அவள் தையல் லைனில். அங்கே பெண்கள் பாத்ரூம் போக ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

"இன்னா ரேகா, டோக்கன உனக்கு சீதனமா குடுத்துட்டாங்களா?" என்று பக்கத்து மிஷினில் இருந்த பெண் அம்மாவைக் கேட்டாளாம். லைனே சிரித்ததாம்.

மறுநாளிலிருந்து அம்மா சாப்பிடாமல் வேலைக்கு வந்தாள். தண்ணீரும் குடிக்கவில்லை. வயிறு காலியாக இருந்தால் எழுந்து போக வேண்டியதில்லை என்று நினைத்தாள். ஐந்தாம் மாதம் எடை பார்த்தபோது ஏறுவதற்குப் பதிலாக இறங்கியிருந்தது.

ஜோயல், நீ அப்போது சின்னப் பிள்ளை. உன்னைக் கலவை ஊரில் மாமா வீட்டில் விட்டிருந்தோம். வீட்டில் சத்தமே இல்லை. அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். பிள்ளை தங்காமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. யாரிடம் சொல்வது? பெண்சாதியின் மலம் போகிற கதையை தோஸ்துகளிடம் சொல்ல முடியுமா? ஆயிரம் பேர் வேலை செய்கிற கம்பெனியில் நான் தனியாக இருந்தேன்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. "சொல்ல முடியாத ஒரு காரியம்" என்றேன். அதற்கும் ஜெபித்தார்கள். நான் மட்டும் மனசுக்குள், "ஆண்டவரே, எங்களுக்கு ஒரு மனுஷரை அனுப்பும்" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சபையிலிருந்து எஸ்தர் அக்கா வந்தார்கள். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டார்கள்.

"தம்பி, குடிக்கிறியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. வேற எங்கனா தொடுப்பு வச்சிருக்கியா?"

"ஐயோ, அக்கா."

"பின்ன சொல்ல முடியாத காரியம்னா இன்னா? சபையே உன்னப் பத்திதான் பேசுது."

உள்ளே படுத்திருந்த அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எழுந்து வந்து, "அவர விடுங்கக்கா. அவரு எங்கயும் போறதில்ல. நான்தான் நாள் முழுக்க பாத்ரூமுக்குப் போறேன்" என்றாள். சொல்லும்போதே அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுக்கா ரெண்டு பேரும் வாய மூடிக்கினு இருந்தீங்க? டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"பிரசவத்துக்குப் பாக்கறவங்ககிட்ட இத எப்படிக்கா சொல்றது?"

"நான் சொல்றேன். நீ சும்மா பக்கத்துல உக்காரு."

திங்கட்கிழமை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அக்காவே கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார். "இந்தத் தொந்தரவால குழந்தைக்கு ஆபத்து இல்லப்பா. பட்டினி கிடந்தாதான் ஆபத்து" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட வேண்டும் என்றார். அம்மாவுக்குப் பால் ஆகவில்லை, மோர் ஒத்துக்கொண்டது. கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய மருந்தையும் அவரே பார்த்துக் கொடுத்தார்.

அதன்பிறகு அம்மா லைனில் உண்மையைச் சொன்னாள். டோக்கனைச் சொல்லிக் கிண்டல் செய்த அதே பெண்தான் சூப்பர்வைசரிடம் பேசி, அம்மா சட்டென்று எழுந்து போக வசதியாக அவளுடைய மிஷினைக் கதவோரம் மாற்ற வைத்தாள்.

பிள்ளைகளே, வியாதி போய்விடவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் நான் கேட்ட மனுஷரைக் கர்த்தர் அனுப்பினார், அதுவும் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு வந்தவரை. இப்போது கூட்டத்தில் யாராவது சொல்ல முடியாத காரியம் என்றால், முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்களும் எவ்வளவு வெட்கமான காரியமானாலும் கர்த்தரிடம் கேளுங்கள். அவர் அனுப்புகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

ஷீபா, நீ பிறந்த அன்று மத்தியானம் எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுவந்தார்கள். அம்மா ஒரு பருக்கைகூட மீதி வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, உன்னை அணைத்தபடி தூங்கிப்போனாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாக் குழாய்க்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. கழுவுவதற்கு முன் அந்தக் காலித் தட்டை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்து, ஸ்தோத்திரம் என்றேன். பிறகு குழாயைத் திறந்தேன்.