மூன்றாவது முகம்

பேய் விளையாட்டில் உயிரோடு தப்பிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் பெரியம்மா மகள். காடாம்புலியூரிலிருந்து கோடை விடுமுறைக்கு ஒரு பலாப்பழத்தையும் தன் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்குப் பத்து வயது. அதுவரை பாத்ரூம் பல்லியைத் தவிர வேறெதற்கும் நான் பயந்ததில்லை.

அப்பா சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஷிப்ட் பஸ்ஸின் டிரைவர். அந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். அதனால் பகலில் எங்கள் வீடு இருட்டாக இருக்கும். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, மிக்சி போடாமல், குக்கர் வைக்காமல், அப்பா எழும்வரை எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசுவோம். அக்கா வந்த அன்றே சுற்றிப் பார்த்துவிட்டு, “பேய் வெளையாட இத வுட்டா வேற வூடு கெடைக்காது” என்றாள்.

விளையாட்டு இருபது நிமிடம்தான். யாரோ இரண்டு பேர் சேர்ந்து செய்ததாம். ஆளில்லாத விடுதி ஒன்றில் ஐந்து சாவிகளைத் தேடி எடுக்க வேண்டும். மூலையில் ஒருத்தி நிற்பாள். நாம் பார்த்துக்கொண்டே இருந்தால் அசைய மாட்டாள். கண்ணை எடுத்தால் கிட்டே வந்துவிடுவாள். நான் இரண்டாவது சாவியைத் தாண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா லேப்டாப்போடு ஊருக்குப் போய்விடுவாள் என்பதால் எனக்கு ஒரே தவிப்பு. அவள் பரிதாபப்பட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சில குறிப்புகளை எழுதிக் கொடுத்தாள். ஹெட்போன் போட்டுக்கொள், பயமாக இருந்தாலும் கழற்றாதே. ஓடாதே, நடந்து போ. விளக்கு அணைந்தால் அப்படியே நில், கண் பழகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் வெளிச்சத்தைச் சரியாக வை. ஆரம்பத்தில் திரையில் மூன்று முகங்கள் வரும். முதல் முகம் பளிச்சென்று தெரியணும், இரண்டாவது சுமாராக, மூன்றாவது இருக்கா இல்லையா என்கிற அளவுக்கு. அதிகமாக வைத்தால் பயமே இருக்காது, என்ன பிரயோஜனம்?

எங்கள் வீட்டில் வேறொரு பயமும் அப்போது நடமாடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷ கான்ட்ராக்டுக்குப் பிறகு அப்பாவைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் அடுத்த வாரம் மெடிக்கல். மெடிக்கல் என்ற சொல் வரும்போதெல்லாம் அம்மாவின் குரல் இறங்கிவிடும். ஒரு மாதமாகத் தினமும் முருங்கைக்கீரை, இல்லாவிட்டால் கேரட். எனக்கும் சேர்த்துத்தான் தட்டில் விழும். நான் முகத்தைச் சுளித்தபடி தின்றேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவும் அக்காவும் துணி எடுக்கப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார்கள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஹாலில் தனியாக லேப்டாப்பைத் திறந்தேன். மூன்றாவது சாவி கிடைத்துவிட்டது. நான்காவதற்குப் போகும்போது ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். வீட்டுச் சட்டத்தையெல்லாம் மறந்து, “அப்பா” என்று கத்திவிட்டேன்.

அப்பா எழுந்து வந்தார். வழியில் முக்காலியில் இடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி வந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்காரவைத்து வேலை கொடுத்தேன். நான் மேஜை டிராயரில் சாவி தேடுவேன், அவர் மூலையில் நிற்கிறவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கிட்டே வந்தால் சொல்ல வேண்டும்.

“அங்க யாரும் இல்ல பாப்பா. நீ தேடு.”

நம்பித் தேடினேன். அடுத்த நொடி திரை முழுக்க அவள் முகம். நான் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும். பயம் போனதும் கோபம் வந்தது. அப்பா ஏமாத்திட்டீங்க என்று அழுதேன். அப்பா சிரிக்கவில்லை. அவள் எங்கே நின்றாள் என்று கேட்டார். மறுபடி அந்த இடத்துக்குப் போய் விரலை வைத்துக் காட்டினேன். விரல் வரைக்கும் குனிந்து பார்த்தார்.

“சரி, வெளிச்சம் வைக்கிறது எங்க இருக்கு?”

மூன்று முகங்கள் வந்தன. அப்பா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கு மூன்றும் எப்போதோ தெரிந்துவிட்டன, கூச ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு வைத்தால் பயமே வராது அப்பா என்றேன். அவர் கடைசிவரை தள்ளிவிட்டுத்தான் கையை எடுத்தார். எவ்வளவு பெரிய மனிதர், கேவலம் பேய்க்குப் பயப்படுகிறாரே என்று எனக்கு ஒரே குஷி.

பிறகு அக்காவின் தாளைப் படிக்கச் சொன்னார். விளக்கு அணைந்தால் அப்படியே நில், கண் பழகிவிடும் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“எவ்ளோ நேரத்துல பழகுமாம்?”

“நூறு எண்றதுக்குள்ளன்னு அக்கா சொன்னா.”

லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, ஹாலின் நடுவே போய் நின்றார். நான் எண்ணினேன்.

அன்று சாயங்காலம் அப்பா யாரிடமோ போனில் பேசினார். டூட்டிக்குப் போகவில்லை. அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “மெடிக்கல் வரைக்குமாவது வாய மூடிகினு இருந்திருக்கலாமே. அவங்களா கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்” என்றது கேட்டது. அப்பா சொன்ன பதிலும் கேட்டது. “வண்டியில அம்பது பேரு தூங்கிகினு வராங்க. ரோட்டுல எவன் நிக்கிறான்னே எனக்குத் தெரியல.”

அதற்கு மாலைக்கண் என்று பெயர் இருப்பதும், அப்பாவுடையது கீரைக்குக் கட்டுப்படாத வகை என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், நைட் ஷிப்ட் ஒழிந்தது, ஜன்னல் கம்பளிகள் இறங்கின, வீட்டுக்குள் சத்தம் போடலாம் என்பதுதான். அப்பா பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கடைக்குப் பகல் வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். எங்க அப்பா பேய்க்குப் பயந்து பஸ்ஸையே விட்டுட்டார் என்று தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த மத்தியானம் நூறு எண்ணியதில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அறுபது தாண்டியதும் சலித்துவிட்டது. எனக்கு முக்காலி, டிவி, சுவரில் மாட்டிய அப்பாவின் காக்கிச் சட்டை எல்லாம் எப்போதோ தெரிந்துவிட்டன. எழுபதிலிருந்து நேரே நூறுக்குத் தாவினேன்.

இருட்டுக்குள்ளிருந்து அப்பா சொன்னார். “நடுவுல முப்பது விட்டுட்ட பாப்பா. அதையும் எண்ணிடு.”

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எண்ணி முடித்தேன். அந்த முப்பதை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.