பாதியில் நின்ற மேப்

அருப்புக்கோட்டையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கேம் சர்வர் வைத்திருக்கிறேன். திருச்சுழி, பரளச்சி நண்பர்கள் அதில் சேர்ந்து விளையாடுவார்கள். நான் போட்ட புது மேப்பை, அதாவது ஆட்டக்களத்தின் ஃபைலை, அவர்கள் இறக்கும்போது மட்டும் எல்லோருக்கும் பாதியில் நின்றுவிடும். "ஒங்க ஊரு டவரு லட்சணம் அப்படி" என்று ஏசிக்கொண்டே இருந்தேன்.

லீவில் ஊருக்கு வந்திருந்த துபாய்க்காரர் ஒருவரை, இதைப் பார்க்கச் சொல்லி நண்பன் கூட்டிவந்தான். மடிப்புக் கலையாத சட்டை, அத்தர் வாசனை. கீபோர்டைத் தொடவேயில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே எடத்துலயா நிக்குது, தம்பி?"

அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. போன் போட்டு விசாரித்தேன். ஒரே இடம்தான்.

"அப்ப டவரு என்ன செய்யும்? ஒங்க ஃபைலுதான் ஒடஞ்சு கெடக்கு."

புதிதாக ஏற்றினேன். எல்லோருக்கும் முழுசாக இறங்கியது.

இப்போது துபாயிலிருந்து அவரும் விளையாட வருகிறார். அவர் வந்ததும் நண்பர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "அண்ணன் வந்துட்டாக" என்கிறார்கள். எனக்காக யாரும் நிறுத்தியதில்லை. அவரை வெளியே தள்ளும் பட்டன் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் அதன்மேல் மவுஸைக் கொண்டுபோய் வைக்கிறேன். அவர் போனால் இவர்களும் பின்னாலேயே போய்விடுவார்களே என்று எடுத்துவிடுகிறேன்.