வெயில் பாதி, பேட்டரி பாதி

ஒளி ரசாயனம் வானத்தை நம்பும் தொழில். மின் ரசாயனம் பாத்திரத்தை நம்பும் தொழில். இரண்டிலும் ஏமாந்தவன் நான். நெய்யாற்றின்கரையில் படம் பிடிக்கவும் பாறசாலையில் வெள்ளி முலாம் பூசவும் கற்றுக்கொண்டு கடை போட்டேன். ஆனி முடிவதற்குள் ஏதாவதொன்றில் கை தேறாவிட்டால் சர்க்கார் கச்சேரி எழுத்துவேலைப் பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். கைத்தொழில் செய்து வயிறெரிந்த உங்களுக்கு என் நிலைமை புரியும்.

கறுத்துப்போன கல்யாணப் பெண்

வெள்ளறடை ஊர்க்காரர் ஒருவர் மாப்பிள்ளை வீட்டில் காட்ட மகளின் படம் கேட்டார். மழையில் தாளில் படம் ஏற இரண்டு நாள் ஆயிற்று. வெயிலில் பதிந்த தாளை ஹைப்போ மருந்தில் கழுவினால்தான் படம் நிலைக்கும். அவருக்கு அவசரம். கழுவுமுன்பே வாங்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் வெளிச்சத்தில் விரித்துக் காட்டியிருக்கிறார். படம் முழுக்கக் கறுத்துவிட்டது. மறுநாள் வந்தவர் கோபப்படக்கூட இல்லை. “பிள்ளே, இது யாருக்க நிழலாக்கும்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாவ.”

உரிந்த விளக்கு

இனி மின்சாரம்தான் என்று முடிவு செய்தேன். பெருங்கடவிளை ஊர் அம்மா ஒருவர் வெள்ளி பூசப் பித்தளை விளக்கு கொண்டுவந்தார். பிசுக்கிருந்தால் வெள்ளி பிடிக்காது. சாம்பல் நீரில் வேகவைத்து, ஒரு பிசுக்கில்லாமல் துடைத்து வைத்தேன். நான் பேட்டரி ஜாடியைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் அந்த அம்மா தேங்காயெண்ணெய் தொட்டு விளக்கின் தலையிலிருந்து கால்வரை தடவிவிட்டார். அப்போது எனக்குத் தெரியாது. பூசிய வெள்ளி வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது. உள்ளே எண்ணெய் வாசம். ஏன் தடவினீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். “எண்ணெ தொடாம வெளக்க வெறுசா வைக்கதுக்கு இது சாவு வீடாக்குமா?”

கொட்டாத தண்ணீர்

ஆனிக் கடைசி நாள். சாயங்காலம் அந்த அம்மா விளக்குக்கு வருவார். அப்பா எனக்கு வருவார். முலாம் பூசும் வெள்ளி உப்பு தீர்ந்துவிட்டது. மதராஸிலிருந்து வரப் பத்து நாளாகும். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் மற்றப் படங்களைக் கழுவிய பழைய ஹைப்போப் பானையில் கிடந்த பித்தளை இடுக்கியை எடுத்தேன், நுனி வெளுத்திருந்தது. படத் தாளில் பூசிய வெள்ளியில் ஒளி படாததெல்லாம் இந்தத் தண்ணீரில் அல்லவா இறங்கியிருக்கிறது! வடிகட்டி, மறுபடி வேகவைத்துத் துடைத்த விளக்கை முக்கி, இரண்டு ஜாடி பேட்டரி கொடுத்தேன். மின்சாரம் கூடிப்போய்க் கறுப்பு படிந்தது. தேய்த்து எடுத்துவிட்டு, ஒரே ஜாடியில் மெல்ல விட்டேன். மத்தியானத்துக்குள் விளக்கு வெளுத்தது. சுண்ணப்பொடியால் தேய்த்தேன். பளபளவென்று நின்றது, நகத்தால் சுரண்டியும் உரியவில்லை. சந்தோஷத்தில் கடைக்குள்ளேயே கூத்தாடினேன்.

சாயங்காலம் வந்த அப்பா விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடியிலிருந்த பரீட்சை விண்ணப்பத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். “எலே, உனக்க அம்மைக்க குத்துவெளக்கையும் நாளைக்குக் கொண்டு வாறேன்.”

ஒளியைப் படித்தால் பொறுமை வரும், மின்சாரத்தைப் படித்தால் சுத்தம் வரும், இரண்டையும் படித்தவனுக்கோ வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்ட மனசு வராது.