புண் எழாத கைகள்

குப்பத்துப் பெண்கள் டாக்டரம்மாவை வாழ்த்திய அந்தக் காலைப் பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒருத்தி தன் மகனின் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினாள். கருத்து, வழுவழுவென்று இருந்த தோள். அம்மை குத்திய இடத்தில் பூனை பிறாண்டியதுபோல் நான்கு மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தன. "ஒரு புண்ணு இல்ல, காச்சல் இல்ல. ராசியான கை டாக்டரம்மா உன்து" என்றாள். மற்றவர்களும் குழந்தைகளை இழுத்து வந்து காட்டினார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு தோளாக விரலால் தடவிக்கொண்டே போனார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் முகம் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது. அந்தத் தோள்களில் எட்டாம் நாள் சீழ் கோத்த கொப்புளம் இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் மருந்து பிடிக்கவில்லை. மருந்து பிடிக்கவில்லையென்றால் பெரியம்மை வரும்போது அந்தக் குழந்தைகள் வெறும் கையோடு நிற்கிறார்கள்.

நான் அப்போது மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த அவருடைய வைத்தியசாலையில் நர்ஸாக இருந்தேன். கணவர் இறந்தபின் கற்றுக்கொண்ட வேலை. நானும் ஒரு கம்பவுண்டரும் ஓர் ஆயாவும், அவ்வளவுதான் ஆட்கள். டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் மூவரையும் உட்காரவைத்து அம்மை குத்திவிட்டார். சின்ன வயதில் குத்திய தழும்பு இருக்கிறதே என்று கம்பவுண்டர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "அது பழசு. அதோட பலம் இத்தனை வருஷத்துல குறைஞ்சிருக்கும். வர்றவா எல்லாரும் உங்க மூஞ்சிக்கு நேராத்தான் இருமுவா. உங்ககிட்டேருந்து இன்னொரு குழந்தைக்குப் போயிடப்படாது" என்று சொல்லிக்கொண்டே குத்தினார். அவர் அதிகம் பேசியதில்லை. பேசினால் இப்படித்தான், கையில் வேலை இருக்கும்போதே பேசி முடித்துவிடுவார்.

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய அந்தக் குப்பத்தில் என் சித்தியைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நகரசபையிலிருந்து அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெரிந்தாலே அங்கே பெண்கள் குழந்தைகளைப் படகுக்கு அடியில் ஒளித்துவிடுவார்கள். சித்தியையும் அவள் அக்கம்பக்கத்தாரையும் பேசிப் பேசி, கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொள்ள வைத்தோம். மருந்து கிண்டியில் தயாராகி மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் வரும். சூடு பட்டால் கெட்டுவிடும் என்பதால் மரத்தூள் அடைத்த பெட்டியில் ஐஸ் வைத்து அதற்குள்தான் அதைப் பத்திரப்படுத்துவோம். அன்றைக்கென்று எங்கும் ஐஸ் கிடைக்கவில்லை. பங்குனி வெயில். பெட்டியில் நனைந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு ஜட்கா வண்டியில் போய் இறங்கினால், மணலில் அத்தனை பேரும் குழந்தைகளோடு காத்திருக்கிறார்கள். டாக்டரம்மா பெட்டியைத் திறந்து ஒரு குழாயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். "இன்னிக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்பினா மறுபடி வரமாட்டா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு அம்மை குத்தும் லான்செட் கத்தியைக் கொதிநீரில் போடச் சொன்னார்.

வாழ்த்து வாங்கிய அன்று வைத்தியசாலைக்குத் திரும்பியதும் கம்பவுண்டர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "இப்பப் போய்ச் சொன்னா இனிமே யாரையும் உள்ள விடமாட்டாங்கம்மா. வெயில் தணிஞ்சதும், இன்னொரு தடவை குத்தணும்னு பொதுவாச் சொல்லிக்கலாமே." டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். "சொல்லாம விட்டா, குத்தியாச்சு, இனிமே பயமில்லைன்னு நினைச்சுண்டு இருப்பா. அம்மை கண்ட வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிண்டு போவா. அது குத்தாம இருக்கறதைவிட மோசம்" என்றார்.

மறுநாளே போனோம். வலை காய்கிற இடத்தில் நின்று அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நாங்கள் போட்ட மருந்து வெயிலில் செத்துவிட்டது, திரும்பவும் குத்த வேண்டும் என்றார். என் சித்திதான் முதலில் கேட்டாள்.

"அப்போ செத்த மருந்தயா எங்க பசங்க ஒடம்புல போட்ட?"

"ஆமாம்மா. அதனால கெடுதல் ஒண்ணும் வராது. பிரயோஜனமும் கிடையாது. கெட்டிருக்குமோன்னு எனக்குச் சந்தேகம் இருந்தது. நீங்க எல்லாரும் வந்து நிக்கறேளேன்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொருத்தியாகத் தன் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தியும் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வைத்தியசாலையை மூடியதும் இருவரும் அங்கே போனோம். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு, கால் புதையும் மணலில் குடிசை குடிசையாக நடப்பது அவருக்குச் சாதாரணமாக இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளை அதே பொறுமையோடு சொல்வார். வூட்டுக்காரர் வரட்டும், அமாவாசை போகட்டும், திருவிழா முடியட்டும் என்று பதில் வரும். கடைசி வரிசைக் கோடியில் வலை பின்னுகிறவர் ஒருவர் இருந்தார். மூன்று குழந்தைகள். எங்களைக் கண்டதும் பலகை எடுத்துப் போட்டு, "குந்து டாக்டரம்மா" என்பார், தண்ணீர் கொடுப்பார். குழந்தைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நாளிக்குப் பாக்கலாம்" என்பார். ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. திரும்பி வரும்போது டாக்டரம்மா ஜட்காவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

வழி திறந்தது என் சித்தப்பாவால். அவர் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் வந்து பிழைத்தவர். குப்பத்தில் யாருக்கு அம்மை கண்டாலும் பக்கத்தில் இருந்து பார்க்கவும், செத்துப்போனால் தூக்கிக்கொண்டு போகவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் டாக்டரம்மா அவரிடம், "எல்லாரும் விலகி ஓடற இடத்துக்கு உங்களை மட்டும் ஏன் கூப்பிடறா?" என்று கேட்டார்.

"எனுக்குத்தான் ஒருவாட்டி வந்துட்டுதே. இன்னொருவாட்டி வராது."

"அந்த ஒருவாட்டியைத்தான் நான் தோள்ல மட்டும், நாலு கொப்புளமாக் கொடுக்கறேன். முகத்துல வராது. உயிருக்கு ஆபத்து இல்லை. உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்கும்."

சித்தப்பா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துச் சித்தியிடம், "பெரியவளை வரச் சொல்லு" என்றார்.

இம்முறை பெட்டி நிறைய ஐஸ் இருந்தது. சித்தப்பாவின் மூத்த பெண் முதலில் கையை நீட்டினாள். அவளைப் பார்த்துப் பாதிக் குப்பம் வந்தது. மீதிப் பாதி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. சித்தியின் கைக்குழந்தைக்கு அன்று காய்ச்சல். உடம்பு தேறட்டும், அடுத்த வாரம் போடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "வேணாங்கறவனை வூடு வூடாத் தேடினு போற. நானா தூக்கினு வந்தா மாட்டேங்கற" என்று சித்தி முறைத்தாள். சொன்னபடியே அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்கும் குத்தினோம். எட்டாம் நாள் பார்க்கப் போனபோது எந்த வாசலிலும் வாழ்த்து இல்லை. தோள்கள் வீங்கிச் சிவந்து, நடுவில் குழி விழுந்த முத்துப்போலக் கொப்புளங்கள் நின்றன. "ராவெல்லாம் கத்திக்கினே கீது. இன்னாத்தப் போட்ட நீ?" என்று திட்டினார்கள். டாக்டரம்மா குனிந்து குனிந்து பார்த்து, "சொறிய விடாதீங்கோ, எண்ணெய், சாம்பல் எதுவும் தடவாதீங்கோ" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அந்த மாதத்தில் அன்றுதான் அவர் நிமிர்ந்து நடந்து பார்த்தேன்.

சித்திரையில் அம்மை வந்தது. யார் மூலம் வந்தது என்று தெரியவில்லை. குத்திக்கொண்டவர்கள் வீடுகளைத் தாண்டித் தாண்டிப் போனது. சித்தியின் மூத்த பெண் அம்மை கண்ட வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வலை பின்னுகிறவரின் மூத்த குழந்தைகள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இரண்டையும் சித்தப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். முதல் குழந்தை படுத்த இரண்டாம் நாளே வலை பின்னுகிறவர் தன் கடைசிக் குழந்தையைத் துண்டால் போர்த்தி எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வரை நடந்து வந்துவிட்டார். நோயாளிகள் இருக்கிற இடத்துக்குள் போகாதே என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்ததால் தெருவிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். டாக்டரம்மா மருந்தோடு வெளியே ஓடி வந்து அங்கேயே குத்தினார். அம்மை கண்ட வீட்டுக் குழந்தைக்குக்கூட உடனே குத்தினால் சில சமயம் மருந்து முந்திக்கொள்ளும். அந்தக் குழந்தைக்கு முந்திக்கொண்டது. நெற்றியில் நாலைந்து கொப்புளங்களோடு பிழைத்தது.

எல்லாம் ஓய்ந்தபின் ஒரு நாள் அந்தக் கோடி வீட்டுக்குப் போனோம். அவர் வழக்கம்போல் பலகையைப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். குழந்தை மணலில் உட்கார்ந்து கிளிஞ்சலைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"தெனம் வந்த நீ. நான் நாளிக்கு, நாளிக்குன்னுக்கினே இருந்தேன். ஒரு நாளாவது என்னை ரெண்டு அறை வுட்டுட்டு, புள்ளைங்களை இஸ்துக்கினு போயிருக்கலாம்ல டாக்டரம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோல் இருந்தது. டாக்டரம்மா குழந்தையின் தோளைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

ஜட்கா சாந்தோம் சாலைக்கு வந்தபின், "ஒரு நாள் என் கால் வீங்கிடுத்துன்னு அந்தக் கோடிக்குப் போகாம திரும்பிட்டோம், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"அன்றைக்குப் போயிருந்தாலும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பார் அம்மா" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். அன்று அவர் வண்டியில் தூங்கவில்லை.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது தாய்மார்கள் தாங்களாகவே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். காய்ச்சல் வருமா என்று கேட்கிறார்கள், வரும் என்றால் தலையாட்டுகிறார்கள். ஆனாலும் வராத சில வீடுகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. தேடிப் போகிறோம். எனக்கும் வயதாகிவிட்டது. பொழுது சாயும்போது, கடைசி வீட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே அம்மா என்று உடன் வரும் பெண் சொல்கிறாள். பெரும்பாலும் அந்த வீட்டுக்கும் போய்விடுகிறேன். சில நாள் முடிவதில்லை.