கருவிக்குப் போட்ட மங்கி குல்லா

கல்கத்தாவில், பெஹாலாவில் அந்த வீட்டு மாடியில் காற்றை அளக்கும் கருவியைப் பொருத்தியது நான்தான். இரண்டாயிரமாவது வருஷத்தைத் தாண்டிய புதிது. கம்பத்தின் உச்சியில் காற்றை இழுக்கும் ஒரு வாய், கீழே ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து கூடத்து டெலிபோனுக்கு ஒரு வயர். தினமும் காலையில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அந்த நம்பருக்கு டயல் செய்து, காற்றில் எவ்வளவு தூசி என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். சில நாள் வீட்டுக்கார மாமி முந்திக்கொண்டு ரிசீவரை எடுத்துவிடுவார். "யாரோ கீச்சுன்னு கத்தறா" என்று என்னிடம் புகார் வேறு.

மாமா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், என் அப்பாவின் சிநேகிதர். நுரையீரல் பாதி போயிருந்தது. வீட்டின் பின்னால் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் கொட்டகை. சாயங்காலமானால் புகை சமையலறை வரைக்கும் வரும். மாமா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஆதாரம் கேட்டார்கள். குளிர்காலம் முழுக்க அளந்து கொடுத்தால் கொட்டகையை அப்புறப்படுத்துவதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இதே புகையில் இன்னொரு குளிர்காலத்தை அவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் மாமியிடம் சொல்லியிருந்தார்.

முதலில் எண்கள் பயங்கரமாக வந்தன. எனக்கு வெட்கமில்லாத சந்தோஷம். பனி இறங்கியதும் எண்கள் திடீரென்று படுத்துவிட்டன. பெஹாலா காற்று ஊட்டிக் காற்றாகிவிட்டது. ஆபீஸில் எல்லோரும் டெலிபோன் லைனைத் திட்டிக்கொண்டிருந்தோம். வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டிருந்த நான் மாடி ஏறிப் பார்ப்பதற்குள் பொங்கலே வந்துவிட்டது.

கம்பத்தின் உச்சியில் மாமாவின் மெரூன் நிற மங்கி குல்லா. நன்றாகக் கீழே இழுத்துவிட்டு, கழுத்தில் நாடா போட்டுக் கட்டியிருந்தது. கம்பளியில் வடிகட்டிய காற்றைத்தான் கருவி இத்தனை நாளும் இழுத்திருக்கிறது.

கீழே இறங்கி வந்து, "என்ன மாமா இது?" என்றேன்.

"ராத்திரி பூரா பனியில தனியா நிக்கறதேம்மா. டாண்டா லேகே ஜாபே." சளி பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம், கல்கத்தாக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து கேட்கிற வாக்கியம். "அது படுத்துடுத்துன்னா என் கேஸே போயிடும்."

"மாடிக்கு எப்படி ஏறினேள்?"

"உக்காந்து உக்காந்துதான்." பெருமையாகவே சொன்னார்.

எனக்கு வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. குல்லாவை அவர் தலையிலேயே மாட்டிவிட்டேன். "நீங்களே போட்டுக்கோங்கோ, மாமா. அதுக்கு வேர்க்கறது." அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்தக் கணக்கு செல்லாது, அடுத்த குளிர்காலத்தில் மறுபடி முழுக்க அளக்க வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். மாமியிடம் மட்டும் சொன்னேன்.

"அவர்கிட்ட மூச்சு விடாதே" என்றார் மாமி.

மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். கொட்டகை இன்றோ நாளையோ போய்விடும் என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த குளிர்காலம் முழுக்க அளந்தோம். எண்கள் பேசின, கொட்டகையைக் காலி செய்தார்கள். கருவியைக் கழற்ற ஒரு சாயங்காலம் போனபோது, மாமி பின்பக்கத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காத்து நன்னா இருக்குடி" என்றார். "அதான் தாங்கல."