கறுப்பி மேல் ஒரு புகார்

போன வருஷம், மழை விட்ட சமயம். குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், குடியிருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்து, தேயிலைத் தோட்டத்திலேயே காலம் தள்ளியவர்கள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான்.

லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் கோயம்புத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் புது வீடு கட்டிக் குடிவந்தார். அன்று முதல் இருட்டுகிற நேரத்தில் எங்கள் நாய் கறுப்பி அந்த வீட்டைப் பார்த்து விடாமல் குரைக்கும். புது ஆட்கள், பழகினால் நிறுத்திவிடும் என்று இருந்தோம். அவரோ பேரூராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்.

அப்பா இடிந்துபோனார். ஃபேக்டரி வேலை முடிந்து காட்டுப்பாதையில் வரும் அம்மாவுக்குக் கறுப்பிதான் துணை. “நாயைப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாம். நீதானப்பா படிச்சவன், நீயே பேசு” என்றார்.

சத்தத்துக்கு என்ன விதி, நாய்க்கு என்ன விதி என்று போனில் தேடிப் படித்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் அப்பாவோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அந்த ஜவுளிக்கடைக்காரர், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மகளால் புத்தகத்தைத் தொட முடியவில்லை என்று வருத்தமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. விதியை எடுத்துவிடுவதற்கு முன், சரியாக எந்த நேரத்தில் குரைக்கிறது என்று கேட்டேன்.

“சாயங்காலம் மரத்தடிப் பிள்ளையாருக்கு வெளக்கு வெச்சுட்டு ஊட்டுக்குள்ள வந்ததுமேங்க. வெளக்கையும் உங்க நாய்தான் தெனம் தட்டி உடுது.”

எனக்குச் சுரீர் என்றது. “நல்லெண்ணெய் வெளக்குங்களா? எண்ணெய் பாட்டிலும் அங்கயேதான் இருக்குதுங்களா?”

எதிரே இருந்த அதிகாரி இந்த மலையிலேயே பிறந்தவர். சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாங்கள் நால்வரும் அவர் ஜீப்பிலேயே போனோம். மரத்தடியில் விளக்கு கவிழ்ந்து, துடைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. பாட்டிலில் பல் பதிந்திருந்தது. ஈரமண்ணில் நீள நீளமாக நகத்தடம்.

“இது நாய் இல்லைங்க, கரடி. எண்ணெய்னா உசுரையே விடும்” என்றார் அதிகாரி.

ஜவுளிக்கடைக்காரர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். டியூஷன் முடிந்து அவர் மகள் தினமும் நடந்து வருவது அந்த மரத்தை ஒட்டித்தான். புகாரை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். விளக்கு வீட்டுக்குள் போனது.

எங்கள் பக்கமும் குறை இருந்தது. கறுப்பிக்குத் தடுப்பூசியும் இல்லை, உரிமமும் இல்லை. அதிகாரி சொன்னபடி இரண்டையும் முடித்தோம். கால்நடை மருத்துவமனைக்கு எங்களைக் காரில் கூட்டிப்போனவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே ஜவுளிக்கடைக்காரர்தான். பின்சீட்டில் கறுப்பி மகாராணி மாதிரி வந்தாள்.

இப்போதும் ஏதாவது வாடை பட்டால் கறுப்பி குரைக்கிறாள். உடனே எனக்குப் போன் வரும். “ஏனுங்க தம்பி, கறுப்பி கூப்புடறா. பாப்பா உள்ள வந்துட்டா. உங்கம்மா வந்துட்டாங்களா?”

லயத்தில் அப்பா எல்லோரிடமும் இதையே சொல்லித் திரிகிறார்: “எம்மவன் அங்க சத்தமே போடல. ஒரு கேள்விதான் கேட்டான்.” பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. மேல்வீட்டு மகளும் என் அம்மாவும் பத்திரமாக வீடு சேரும் ஒவ்வொரு சாயங்காலமும், நான் படித்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.